எடுத்ததைச் சொல்லாமல் இருக்கத் தெரியாதவர்

எங்கள் வீட்டு முருங்கை மதிலுக்கு மேலால் சாய்ந்து பக்கத்து வீட்டு அக்காவின் வளவுக்குள் காய்க்கும். அந்தப் பக்கம் தொங்குகிற காயை அந்தப் பக்கத்துக்காரர் பிடுங்குவதில் உலகத்தில் யாருக்கும் ஆட்சேபம் இருக்க முடியாது. ஆனால் அவர் பிடுங்கிவிட்டுப் பேசாமல் போகமாட்டார். மதிலடிக்கு வந்து நின்று, "தங்கச்சி, ரெண்டு முருங்கைக்காய் எடுத்துப்போட்டன்" என்று குரல் கொடுப்பார். அம்மா அடுப்பைத் தணித்து, கையைத் துடைத்துக்கொண்டு பின்கதவால் வெளியே வந்து, "அதுக்கென்னக்கா, எடுங்கோவன்" என்று சொல்லும்வரை அங்கிருந்து நகரமாட்டார். "உந்த மனிசி களவெடுத்தால் எனக்கு நிம்மதி" என்று முணுமுணுத்தபடி அம்மா உள்ளே வருவார். அதற்குள் குழம்பு அடிப்பிடித்திருக்கும்.

மானிப்பாயில் எல்லாரும் அவரை மிசி என்றே சொன்னார்கள். தாதி வேலை செய்கிறவர்களை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் அழைப்பது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. எனக்கு அவர் மிசியக்கா. கட்டையான உருவம், இறுக்கி முடிந்த கொண்டை, தெருமுனை வரைக்கும் கேட்கிற சிரிப்பு. ஆசுபத்திரியில் இருந்த காலத்தில் டொக்டரின் மேசையிலிருந்து பேனையை எடுத்து எழுதிவிட்டு, அதே பேனையை அதே இடத்தில் வைத்துவிட்டு, "டொக்டர், உங்கடை பேனையாலை ஒரு வரி எழுதினனான்" என்று சொல்லுவாராம். அவரோடு வேலை செய்தவர்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் திருந்தியதில்லை.

இப்படிப்பட்டவர்தான் புத்தகங்களை இணையத்திலிருந்து இறக்குவதில் எங்கள் ஒழுங்கையிலேயே பெரிய ஆள். மெல்போர்னில் இருந்த மகள் ஒரு டப், தொடுதிரைக் கணினி, வாங்கி அனுப்பியிருந்தாள். யுத்தகால இடப்பெயர்வில் அவருடைய புத்தக அலுமாரி அப்படியே போய்விட்டது. அதில் இருந்தவை ஒவ்வொன்றையும் யாரோ எங்கேயோ ஸ்கான் பண்ணி இணையத்தில் போட்டிருக்கிறார்கள் என்று கண்டுபிடித்த நாளிலிருந்து மனுஷி ஓயவில்லை. முன்பு வாசித்தவை, வாசிக்கக் கிடைக்காதவை, அட்டை கிழிந்தவை, நடுவில் தேத்தண்ணீர்க் கறை பட்டவை, எல்லாம் அந்த டப்புக்குள் வந்து சேர்ந்தன. அந்த அலுமாரி தொலைந்ததைப் பற்றி அவர் துக்கத்தோடு பேசி நான் கேட்டதில்லை. "இப்ப தூசி தட்டத் தேவையில்லைத் தம்பி" என்றுதான் சொல்லுவார்.

அவருக்கென்று சில சட்டங்கள் இருந்தன. கடையில் கிடக்கிற புத்தகத்தை இறக்கமாட்டார். புதிதாக வந்த நாவல் ஒன்றின் களவுப் பிரதி கிடைக்குமா என்று ஒருமுறை கேட்டேன். "புத்தகக்கடை உமக்குத் தெரியாதோ? பஸ் ஏறிப் போய் வாங்கும்" என்று முகத்தில் அடித்தாற்போலச் சொல்லிவிட்டார். அச்சில் இல்லாததை யோசிக்காமல் எடுப்பார். எடுத்துவிட்டு, எழுதியவர் எங்கே இருக்கிறார், அவர் இல்லாவிட்டால் பிள்ளைகள் எங்கே என்று தேடத் தொடங்குவார். டெலிபோன் எடுத்து, "உங்கடை அப்பாவின்ரை புத்தகத்தை இணையத்திலையிருந்து எடுத்து வாசிச்சுப்போட்டன். சொல்லோணும்போலை இருந்தது" என்பார். இதற்காகவே மாதாமாதம் டெலிபோன் காட் வாங்கிப் போட்டார்.

எனக்கு இது பெரிய விசராக, பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. நான் யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சகத்தில் பக்கம் அமைக்கிறவன். கட்டுப் பிரிக்காமலே மூலையில் கிடந்து கறையான் தின்ற புத்தகங்களைக் கண்ணால் கண்டவன். ஒரு புத்தகத்தை யாரும் திரும்ப அச்சடிக்கப் போவதில்லை என்றால் அது வாசிக்கிறவனுக்குச் சொந்தம் என்பது என் கட்சி. மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நாங்கள் எத்தனையோ தரம் இதற்காக வாதாடியிருக்கிறோம்.

"அக்கா, அந்தப் பதிப்பகத்தையே இழுத்து மூடியாச்சு. விக்க ஆளில்லை. ஆருக்கு நட்டம்?"

"நட்டத்தைப் பற்றி ஆர் கதைச்சது? வாசிச்சனான் எண்டு சொல்லத்தானே தேடுறன்."

"சொன்னாப்போலை சட்டப்படி சரியாப்போமோ?"

"சட்டத்தை நான் கேட்டனானே? சொல்லாட்டில் எனக்குச் சாப்பாடு இறங்காது. அவ்வளவுதான்."

இதைச் சொல்லிவிட்டு அவர் உள்ளே போய்விடுவார்.

ஒருமுறை பழைய புத்தகமொன்றின் பின்னட்டையில் இருந்த சென்னை நம்பரைச் சுழற்றினார். பதிப்பகம் போய், அந்த நம்பர் தண்ணீர் கான் போடுகிற ஒருவரிடம் வந்திருந்தது. இவர் முழுக் கதையையும் சொல்லி முடிக்கும்வரை அந்த மனிதர் பொறுமையாகக் கேட்டிருக்கிறார். கடைசியில், "தாராளமாப் படிச்சுக்கோங்கம்மா, தண்ணி வேணும்னா சொல்லுங்க" என்றாராம். "பாரும், அவர் ஓம் எண்டிட்டார்" என்று மிசியக்கா இரண்டு நாள் சிரித்துக்கொண்டு திரிந்தார்.

எல்லாரும் அப்படிச் சொல்லவில்லை. கொழும்பில் ஓர் எழுத்தாளரின் மகள் கடுமையாக ஏசிவிட்டார். அப்பா கஷ்டப்பட்டு எழுதியதை ஊரெல்லாம் சும்மா வாசிக்கிறது, எங்களை யார் கேட்டது, உடனே அழியுங்கள் என்றார். மிசியக்கா "ஓம் பிள்ளை, நீர் சொல்லுறது சரி" என்று சொல்லி அழித்துவிட்டார். அப்போது நாவலில் பாதிதான் வாசித்திருந்தார். கதாநாயகியைப் பெண் பார்க்க வந்துவிட்டுப் போயிருந்தார்கள், பதில் இன்னும் வரவில்லை. அதே கோப்பு என்னிடமும் இருந்தது. தருகிறேன் என்றேன், வேண்டாம் என்றார். முடிவையாவது சொல்லுகிறேன் என்றேன், காதைப் பொத்திக்கொண்டார். எனக்கு உண்மையில் கோபம் வந்தது. தன்பாட்டில் இருந்த மனுஷி வலியப் போய்ச் சொல்லி, வாசிப்பையும் இழந்து, ஏச்சும் வாங்கியதில் என்ன பெருமை என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

இனிப் புத்தூர் ரீச்சரின் கதைக்கு வரவேண்டும்.

புத்தூரில் ஒரு தோட்டக்காரக் குடும்பம், வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர்கள். அந்த வீட்டு அம்மா சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவர். கடைசிக் காலத்தில் படுக்கையில் விழுந்தபோது பிள்ளைகள் எல்லாரும் வெளிநாட்டில். பகலில் பார்த்துக்கொள்ள மிசியக்கா போய்வந்தார். அந்த ரீச்சர், தான் வகுப்பில் ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டிய கடற்கரைக் கதைப் புத்தகம் ஒன்றைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்தாராம். குருநகரில் இருந்த ஒரு மாஸ்டர் சிறுவர்களுக்காக எழுதியது. மிசியக்கா தேடினார், யாரோ ஸ்கான் பண்ணிப் போட்டது அகப்பட்டது. டப்பை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு கதையாக வாசித்துக் காட்டினார். ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, அடுத்த வரியைத் தானே முன்னால் சொல்லுவாராம்.

ரீச்சர் காலமானார். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நினைவுப் புத்தகம் கொடுப்பது எங்கள் வழக்கம். அதைக் கல்வெட்டு என்போம். முன்னால் இறந்தவரின் படம், தேவாரம், வம்ச விவரம். பின்னால் வாசிக்கிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று சமையல் குறிப்போ, வைத்தியக் குறிப்போ, கிடைக்காமற்போன பழைய நூல் ஒன்றோ சேர்த்து அச்சடிப்பார்கள். எங்கள் அச்சகம் ஓடுவதே இந்த வேலையால்தான். மற்ற வேலைகளைப் பிறகு பார்க்கலாம் என்று தள்ளிவைக்கலாம், முப்பத்தோராம் நாளைத் தள்ளிவைக்க ஏலாது.

கனடாவிலிருந்து வந்திருந்த மூத்த மகன் பின்னால் எதைப் போடுவது என்று கேட்க, மிசியக்கா அந்தக் கடற்கரைக் கதைகளைச் சொன்னார். மகனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. வேலை என்னிடம் வந்தது.

மிசியக்கா வழக்கம்போல மாஸ்டரைத் தேடினார். அவர் இடப்பெயர்வோடு வள்ளமேறி இந்தியாவுக்குப் போனவர், அங்கேயே காலமாகிவிட்டார் என்று ஒருவர் சொன்னார். இன்னொருவரும் அதையே சொன்னார். நாங்கள் ஊரூராகச் சிதறி ஓடிய ஆட்கள். யாராவது ஒருவர் செத்துப்போனார் என்றால் நம்புவதற்கு எங்களுக்கு அதிக நேரம் எடுப்பதில்லை. நாளும் நெருக்கிக்கொண்டிருந்தது. மிசியக்கா நன்றிப் பக்கத்தைத் தானே எழுதி என்னிடம் தந்தார். அமரராகிவிட்ட ஆசிரியருக்கு நன்றி கூறுவதோடு, அன்னாரின் ஆத்மாவும் சாந்தியடையப் பிரார்த்திக்கிறோம், ஓம் சாந்தி.

அந்தியேட்டி அன்று கீரிமலைக் கிரியைகள் முடிந்து, புத்தூர் வீட்டில் சாப்பாடு நடந்தது. பந்தி எழும்ப எழும்பப் புத்தகம் கொடுபட்டது. ரீச்சரோடு முன்பு படிப்பித்த ஓர் அம்மா, நகரப் பக்கத்துக் கத்தோலிக்கர், புத்தகத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டு மிசியக்காவிடம் வந்தார்.

"இதென்ன மிசி, மாஸ்டர் எப்ப செத்தவர்? போன ஞாயிறு பூசையிலை எனக்கு முன் வாங்கிலை இருந்தவரே."

"ஆர்? இந்த மாஸ்டரோ?"

"இந்த மாஸ்டர்தான். இந்தியாவிலை செத்தது அவரின்ரை தம்பி. அவரும் மாஸ்டர்தான்."

மிசியக்காவின் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. எத்தனையோ சாவீட்டில் எத்தனையோ பேரைத் தேற்றியவர், கையில் இருந்த பாயாசத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். பிறகு என்னிடம் வந்து, "தம்பி, மோட்டச்சைக்கிளை எடும். குருநகருக்குப் போகோணும்" என்றார்.

"நாளைக்குப் போவமே அக்கா. நான் இன்னும் சாப்பிடேல்லை."

"வந்து சாப்பிடலாம். ஒரு மனிசனைச் சாகடிச்சுப்போட்டு நிக்கிறன்."

மாஸ்டரின் வீடு கடற்கரைக்குக் கிட்ட, சின்னக் கல்வீடு, வாசலுக்கு மேலே மாதா படம். மகள் கதவைத் திறந்தார். மாஸ்டர் சாறம் உடுத்துப் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்தார். மெலிந்த மனிதர், எண்பது வயதுக்கு மேலிருக்கும். மிசியக்கா சுற்றிவளைக்கவில்லை. "ஐயா, உங்கடை புத்தகத்தைக் கேக்காமல் எடுத்து அச்சடிச்சுப்போட்டம். அதிலை பெரிய பிழையும் ஒண்டு விட்டுப்போட்டன்" என்று சொல்லிப் புத்தகத்தை நீட்டினார்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதலிலிருந்தே பார்த்தார். பிள்ளையார் படம், தேவாரம், ரீச்சரின் படம், நன்றிப் பக்கம். ஓம் சாந்தியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"சாகடிச்சது காணாதெண்டு சைவமாவும் மாத்திப்போட்டியள், என்ன?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை. மகள் என்னைப் பார்த்த பார்வையில் நான் வாசற்பக்கம் திரும்பிக் கடலைப் பார்க்கத் தொடங்கினேன்.

"நான் காசுக்குக் கோவிக்கேல்லை" என்றார் மாஸ்டர். "அந்தக் காலத்திலையும் உது காசு தரேல்லை. கடைசிக் கட்டுப் புத்தகம் வீட்டோடை போச்சுது. என்னட்டை ஒரு பிரதி இல்லை. இவ்வளவு வருசத்திலை உப்பிடியொரு புத்தகம் எழுதினியே எண்டு ஒருத்தர் வந்து கேக்கேல்லை. நான் செத்திட்டன் எண்டவுடனை ஓடிப்போய் அச்சடிச்சிருக்கிறியள். உயிரோடை இருக்கிறவன் ஒருத்தருக்கும் தேவையில்லை."

மிசியக்கா நாள் நெருக்கியதைச் சொல்லவில்லை, இரண்டு பேர் சொன்னார்கள் என்றும் சொல்லவில்லை. "பிழை என்ரை ஐயா. நான் வடிவா விசாரிக்கேல்லை" என்றார்.

"எல்லாத்தையும் திருப்பி வாங்கிக்கொண்டு வாங்கோ. ஒரு புத்தகம் வெளியிலை இருக்கக்கூடாது."

"ஓம் ஐயா."

அந்த "ஓம்" எனக்குச் சுருக்கென்றது. வெளியே வந்து மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டே, "என்னக்கா இது? அந்தியேட்டியிலை குடுத்த கல்வெட்டை ஆரும் திருப்பிக் கேக்கிறதோ? எங்கடை சனத்தின்ரை கதை உங்களுக்குத் தெரியாதோ?" என்று கத்தினேன். அவர் பின்னால் ஏறி இருந்துகொண்டு, "அவரின்ரை புத்தகம். அவர் வேண்டாம் எண்டால் வேண்டாம்தானே" என்றார். பாதி நாவலை அழித்த அதே குரல்.

கனடா மகன் குதித்தார். "அம்மான்ரை படம் முதற்பக்கத்திலை கிடக்கு. அதை வீடு வீடாப் போய்ப் பறிச்சால் சனம் என்ன நினைக்கும்? அந்த மனிசனுக்கு ஏதும் குடுத்துச் சமாளியுங்கோ."

"அவர் ஒண்டும் கேக்கேல்லைத் தம்பி."

"அப்ப நீங்களே போய் வாங்குங்கோ. என்னைக் கூப்பிடாதையுங்கோ."

மிசியக்கா போனார். ஒரு பெரிய சீலைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு புத்தூரில் ஒவ்வொரு வீட்டுப் படலையாகத் தட்டினார். சிலர் சரியென்று கொடுத்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பினார்கள். ஒரு வீட்டில் புத்தகம் சாமியறையில் இருந்தது. தேவாரம் இருக்கிறதே என்று குங்குமம் வைத்துப் பூவும் சாத்தியிருந்தார்கள். இன்னொரு வீட்டுக்காரர், "செத்தவர் எண்டே கிடக்கட்டும் மிசி, அப்பத்தான் பிள்ளையள் மரியாதையா வாசிக்குங்கள்" என்று ஆலோசனை சொன்னார். இரண்டு பேர் லண்டனுக்குக் கொண்டு போய்விட்டார்கள். அவர்களுக்கும் போன் எடுத்து, தபாலில் திருப்பி அனுப்பச் சொன்னார். ஊரில் மிசிக்கு மூளை தட்டிவிட்டது என்று கதை பரவியதில் ஆச்சரியம் இல்லை. என் அம்மாகூட மதிலடியில் நின்று, "அக்கா, கொஞ்சம் விடுங்கோவன்" என்று கெஞ்சினார். அவர் விடவில்லை. ஒவ்வொரு பொழுதுபடவும் களைத்துப்போய்த் திரும்புவார். அந்த வாரம் நான் அவருடைய சிரிப்புச் சத்தத்தைக் கேட்கவில்லை.

பை நிறைந்ததும் மறுபடி குருநகருக்குப் போனோம். மாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்து நன்றிப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்துக் கீழே வைத்தார். எரிக்கப் போகிறாரா, கிணற்றுக்குள் போடப் போகிறாரா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு புத்தகத்தில் பின் பக்கம் ஏதோ மடிந்து கிடந்தது. பிரித்தார்.

அந்தக் கதை எனக்கும் தெரியும், பக்கம் அமைத்தவன் நான்தானே. ஓர் ஆடு தவறுதலாக வள்ளத்தில் ஏறி ஆளில்லாத தீவு ஒன்றுக்குப் போய்விடும். திரும்ப ஏற்றப் பார்த்தால் வராது. இனி நான் இங்கேதான் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும். வள்ளம் அதை விட்டுவிட்டுக் கரைக்குத் திரும்புவதோடு கதை முடியும். அந்த முடிவுக்குக் கீழே, அச்சு விழாத இடத்தில், பென்சிலால் பெரிய எழுத்தில் எழுதியிருந்தது: அந்தத் தீவில் ஆட்டுக்குத் தண்ணீர் வைப்பது யார்?

மாஸ்டர் அதை இரண்டு தரம் வாசித்தார். இரண்டாம் தரம் சத்தமாக வாசித்தார்.

"ஆர் உது எழுதினது?"

"புத்தூரிலை ஒரு தோட்டக்காரரின்ரை பிள்ளை ஐயா. மூண்டாம் வகுப்போ நாலாம் வகுப்போ."

"அதுதான் பார்" என்றார் மகளைப் பார்த்து. "தண்ணி இறைக்கிற வீட்டுப் பிள்ளை. நல்ல கேள்வி. அந்தத் தீவிலை ஒரு சொட்டு நல்ல தண்ணி இல்லை. எத்தினை தரம் போய்வந்தனான், எழுதேக்கை எனக்கு உது வரேல்லை."

திடீரென்று மிசியக்கா மேல் பாய்ந்தார்.

"ஒரு பிள்ளை வாசிச்சு எழுதி வைச்சிருக்கிற புத்தகத்தைப் பறிச்சுக்கொண்டு வந்திருக்கிறீரே பிள்ளை, உமக்கு மூளை இருக்கோ?"

"நீங்கள்தானே ஐயா எல்லாத்தையும் கொண்டுவரச் சொன்னனீங்கள்."

"நான் கோவத்திலை சொல்லுவன். நீர் உடனை பையைத் தூக்கிக்கொண்டு வெளிக்கிடுறதோ?"

மிசியக்கா தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினார். என்னால் அடக்க முடியவில்லை. இந்தத் தடவை மகளும் சிரித்தார்.

மாஸ்டர் பேனை கேட்டார். பையிலிருந்த ஒவ்வொரு புத்தகத்தையும் மடியில் வைத்து, அமரராகிவிட்ட என்ற சொல்லைத் தன் கையாலேயே குறுக்கே வெட்டி, பக்கத்தில் கையெழுத்து வைத்தார். ஓம் சாந்தியை வெட்டவில்லை. அது கிடக்கட்டும், அந்த ரீச்சருக்குச் சேரும் என்றார். ரீச்சரைப் பற்றி விசாரித்தார். ஒவ்வொரு வருடமும் வகுப்பில் வாசித்தவரா, கண்ணை மூடிக்கொண்டு அடுத்த வரியைச் சொன்னவரா என்று திரும்பத் திரும்பக் கேட்டார். புறப்படும்போது, "மற்றவையின்ரை புத்தகங்களிலையும் ஏதும் எழுதிக்கிடக்கோ எண்டு பாருங்கோ" என்று மெதுவாகச் சொன்னார். பென்சிலில் எழுதிய புத்தகத்தை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டார்.

மிசியக்கா மறுபடி அதே படலைகளைத் தட்டினார். பறித்ததைத் திருப்பிக் கொடுத்தார். கொடுக்காதவர்களிடம் இருந்ததில் தானே பேனையால் வெட்டினார். சனம் இதையும் விசர் என்றுதான் சொன்னது. ஆனால் இந்த முறை தேத்தண்ணீர் கொடுத்து இருத்திக் கதைத்தார்கள். கனடா மகனும் பயணத்துக்கு முதல் நாள் குருநகருக்குப் போய் மாஸ்டரைக் கண்டுவிட்டு வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. கண் சிவந்திருந்தது.

ஒரு கிழமை கழித்து மாஸ்டரின் மகள் ஒரு தாள் அனுப்பியிருந்தார். அந்த ஆட்டின் கதை தொடர்ந்திருந்தது. கடலுக்குப் போகிற ஒவ்வொரு வள்ளமும் வழியில் தீவோரம் நின்று, கொண்டுபோகிற நல்ல தண்ணீரில் ஒரு பங்கை ஆட்டுக்கு ஊற்றிவிட்டுப் போகிறது. யாருடைய முறை என்று கரையில் சண்டை வேறு பிடிக்கிறார்கள். ஒரு பக்கம்தான். பல வருடங்களுக்குப் பிறகு அவர் எழுதிய முதற் பக்கம். மிசியக்கா அதை மதிலடியில் நின்று எனக்கும் அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினார். முடித்ததும் முதலிலிருந்து மறுபடி வாசித்தார்.

இணையத்தில் கிடந்த பிரதி மிச்சமாக இருந்தது. அதையும் அவர் மாஸ்டரிடம் கேட்டார்.

"ஐயா, அதை எடுத்துவிடச் சொல்லட்டோ?"

"அதிலையிருந்து எத்தினை பேர் எடுத்திருப்பினம்?"

நான் போனில் பார்த்து, ஆயிரத்துக்கு மேல் என்று சொன்னேன். மாஸ்டர் நம்பவில்லை. போனை வாங்கித் தானே பார்த்தார்.

"இவ்வளவு பேரும் எங்கை இருக்கினம்? எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே."

"எப்பிடிச் சொல்லுவினம் ஐயா? உங்களை ஆருக்குத் தெரியும்? செத்திட்டியள் எண்டெல்லோ நினைச்சிருப்பினம்" என்றார் மிசியக்கா.

மாஸ்டர் போனை என்னிடம் திருப்பித் தந்தார். "அச்சடிச்சு விக்கிறவன் ஆரும் வந்தால் அப்ப பாப்பம். அதுவரைக்கும் கிடக்கட்டும். முதற்பக்கத்திலை ஒரு வரி போடுங்கோ" என்றார். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். இந்தக் கதைகளை எழுதியவர் குருநகரில் உயிரோடு இருக்கிறார். வாசித்தவர்கள் கேள்வி இருந்தால் கேட்கலாம். அதற்குக் கீழே அவருடைய டெலிபோன் நம்பர். புதிய பக்கத்தையும் பின்னால் சேர்த்து நான் கோப்பைச் சரிசெய்தேன். அந்தத் தளத்தை நடத்தியவர்களைத் தேடிப் பிடித்து, விஷயத்தைச் சொல்லி, பழையதை எடுத்து இதைப் போடச் செய்தது மிசியக்கா.

மிசியக்கா மகளிடம் மெல்போர்னுக்குப் போய் இப்போது சில வருடங்களாகின்றன. நான் என்னவோ இன்றைக்கும் புத்தகங்களை யாருக்கும் சொல்லாமல்தான் எடுக்கிறேன். என் கட்சியை நான் மாற்றவில்லை. ஆனால் அவர் ஊரைவிட்டுப் போவதற்கு முந்திய மாதத்தில் நடந்த ஒன்று மனதில் நிற்கிறது.

அன்று மத்தியானம் அவர் வீட்டு விறாந்தையில் இருந்தேன். மாஸ்டரின் மகளிடமிருந்து போன் வந்தது. மிசியக்கா ஸ்பீக்கரில் போட்டார்.

"அக்கா, புத்தகத்திலை போட்ட அந்த நம்பரை எப்பிடியாவது எடுத்துவிடுங்கோ. எங்களாலை ஏலாமல் கிடக்கு. நேற்று நோர்வேயிலையிருந்து ஒரு பிள்ளை, முந்தநாள் மட்டக்களப்பிலையிருந்து ஒரு ரீச்சர். இண்டைக்குக் காலமையும் ரெண்டு பேர். அப்பா மத்தியானம் படுக்கிறதே இல்லை. போனை மடியிலை வைச்சுக்கொண்டு இருக்கிறார். டொக்டர் அவரை நல்லா ஓய்வெடுக்கச் சொன்னவர்."

"அப்பிடியே? எடுத்துவிடுவம் பிள்ளை. ஐயாவிட்டை ஒருக்காக் கேட்டிட்டு எடுப்பம்" என்றார் மிசியக்கா.

பின்னால் மாஸ்டரின் குரல் கேட்டது. "ஆரது? புத்தகம் வாசிச்சவையோ? தா இஞ்சை."

"ஐயா, நான்தான், மிசி. எப்பிடி இருக்கிறியள்?"

"நீரோ? நான் நல்லா இருக்கிறன். லைனை விடும் பிள்ளை, வாசிச்சவை ஆரும் போன் எடுக்கப்போகினம்."

மிசியக்கா வாயைத் திறப்பதற்குள் போன் வைபட்டுவிட்டது.